பதினான்காம் அத்தியாயத்திலிருந்து

ஐயா, நீங்கள் வரவழைத்துக் கொடுத்த காபி நன்றாக இருந்தது. சிக்கரி கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் ஓசூரில் டிசம்பர் மாதக் காலையில் ஆவி பறக்க எதைக் கொடுத்தாலும் குடிக்கலாம். நான் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். அவர் எழுதிய முதல் நான்கு வரியைப் பார்த்தேன். நான்கு வரியில் ‘மேற்படி’ ஒன்பது தடவை வருகிறது. தப்பாக நினைக்க வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். எனக்கு எழுதுவது சிரமமில்லை.

என் பெயர் ஜோதியம்மாள். வயது முப்பத்தொன்று. கிருஷ்ணகிரியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மத்திகிரி சாலையில் இருக்கும் ஐஸ் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து, போன ஜூன் மாதம் அந்தக் கம்பெனியின் குளிர் அறைக்குள்ளேயே விறைத்துப்போன வெங்கடசாமியின் மனைவி. ஊருக்கு அவர் வெங்கடசாமி. பத்திரிகை வாசகர்களுக்கு ‘ஹிமகிரி’. வாராவாரம் வருகிற ‘பனிமலைப் பைங்கிளி’ தொடர்கதையின் ஆசிரியர்.

அவருக்கு இரண்டு ஆசை. ஒன்று நாவல் எழுதுவது, இன்னொன்று பனியைப் பார்ப்பது. இரண்டாவது நடந்தால் முதலாவது தானாக நடந்துவிடும் என்று நம்பினார். இந்த ஊரை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்று சொல்வார்களாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, தமக்கு வரவேண்டிய பனியை யாரோ வழியில் மடக்கி வைத்திருப்பதுபோல் அவருக்கு ஒரு மனத்தாங்கல். மார்கழியில் தளிப் பக்கம் சைக்கிளில் போய் மூடுபனியில் நின்றுவிட்டு வருவார். வந்து, தலைவலித் தைலம் கேட்பார். ஒரு சித்திரையில் ஆலங்கட்டி மழை பெய்தது. ஓடிப்போய் ஒரு சொம்பு நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, அது கரைந்து முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த எனக்கே பாவமாக இருந்தது.

ஐஸ் கம்பெனி வேலைக்கு அவர் போனதே இதற்காகத்தான். தளியிலிருந்து வரும் காய்கறியையும் வெண்ணெயையும் வைத்து, பெங்களூருக்கு அனுப்புகிற பெரிய குளிர் அறை அங்கே இருக்கிறது. அதன் குழாய்களில் விரற்கடை கனத்துக்கு வெள்ளையாக உறைந்திருக்கும். ஒருநாள் அதைச் சுரண்டி டிபன் கேரியரில் போட்டு, எனக்குக் காட்டுவதற்காகச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து திறந்தால் தண்ணீர். இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைச் சற்று நேரம் பார்த்தோம். பிறகு நான் அதில் பாத்திரம் கழுவினேன்.

‘பனிமலைப் பைங்கிளி’ போன வருஷம் டிசம்பரில் ஆரம்பித்தது. சுலோசனா என்ற தமிழ்ப் பெண், காஷ்மீரில் காணாமல் போன கணவனைத் தேடி ஒரு கோவேறு கழுதையுடன் பனிமலைக்குப் போகிறாள். கணவன் ராணுவத்தில் கேப்டன். கழுதை எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை தபாலில் அத்தியாயம் போயாக வேண்டும். போகாவிட்டால் புதன்கிழமை சென்னையிலிருந்து தந்தி வரும். என் வீட்டுக்காரர் திங்கட்கிழமை வரை பனியைப் பற்றிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் ராத்திரியோடு ராத்திரியாக எதையாவது கிறுக்குவார். அவருடைய எழுத்து, மையில் விழுந்து எழுந்த எறும்பு நடந்ததுபோல் இருக்கும். அச்சகத்தில் புரியாது என்பதால் சுத்தப்பிரதி எடுக்கிற வேலை என்னுடையது.

பதினான்காம் வாரம் அவர் கொடுத்த தாளில் ‘பனி பெய்தது’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கீழே ஒரு கழுதையின் படம் வரைந்திருந்தார். மிச்சம் எங்கே என்று கேட்டேன். “வரமாட்டேங்குது ஜோதி. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நெசமான பனிய கையில எடுத்துட்டா மளமளன்னு எழுதிடுவன்” என்றார். சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

நான் உட்கார்ந்து எழுதினேன். எனக்குப் பனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுலோசனாவைத் தெரியும். குளிரில் அவள் என்ன நினைப்பாள், கழுதையிடம் என்ன பேசுவாள், கணவன் கிடைக்காவிட்டால் அழுவாளா, இல்லை ஒரு நிமிஷம் நிம்மதியாக மூச்சு விடுவாளா என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. பதினோரு பக்கம் வந்தது. இந்த வார அத்தியாயம் அபாரம் என்று பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டார். என் வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டினார். படிக்கும்போது அவர் முகத்தில் எந்தக் கூச்சமும் இல்லை. அன்றிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. சமையல், துணி துவைப்பது, பதினோரு பக்கம்.

எனக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை ஐயா. பேருக்கும் புகழுக்கும் ஆசைப்படுகிறவள் நான் இல்லை. வாசகர் கடிதங்களுக்கு அவர் பேரில் பதில் எழுதிப் போட்டதும் நான்தான்.

பதினேழாம் அத்தியாயம் எழுதும்போது குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னைக் குளிர் அறைக்குள் கூட்டிப்போனார். பார்த்துக்கொண்டு நிற்கும்போது, விளையாட்டாக வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டார். ஒரு சாண் கனமுள்ள கதவு, உள்பக்கம் பிடி கிடையாது. நான் தட்டினேன், கூப்பிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்துத் திறந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டது துளிக்கூடக் கேட்கவில்லை என்றார். கோபப்பட என்ன இருக்கிறது. உள்ளே இருந்து எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது என்று ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். பதினேழாம் அத்தியாயம் நன்றாக வந்தது.

அந்தக் கதவுக்காக முதலாளி ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கம்பெனியில் ஒவ்வொருவருக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று உண்டு. குளிர் அறைக்குள் போகிறவர் கதவுக்குப் பக்கத்துப் பலகை ஆணியில் தம் வில்லையை மாட்டிவிட்டுப் போகவேண்டும். வெளியே வந்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். கதவை மூடுகிறவர் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது, குளிர் வீணாகும். பலகையைப் பார்த்தால் போதும். ஆணிகள் காலியாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். கதவை மூடி விளக்கை அணைக்கிற பொறுப்பு மிஷின்காரர் திம்மப்பனுடையது. தளிக்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். நம்பரைத் தவிர வேறு படிக்கத் தெரியாது. பலகையைப் பார்க்காமல் அவர் ஒருநாளும் கதவைத் தொட்டதில்லை.

என் வீட்டுக்காரருடைய வில்லை ஏழாம் நம்பர். சனிக்கிழமைகளில் சாப்பிட்டதும், கம்பெனி மூடுவதற்கு முன்னால், கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே போவார். வெண்ணெய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியில் உட்கார்ந்து, அட்டையும் பென்சிலுமாக, எழுத்து வருகிறதா என்று பார்ப்பார். வராது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே வருவார். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், எழுத்தாளர் அல்லவா.

இனி ஜூன் மாதத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மிகவும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். முப்பதாம் அத்தியாயத்தைத் தாமே எழுதிவிட்டதாகச் சொன்னார். பதினாறு வாரம் கழித்து அவர் கையால் எழுதியது, ஆவலோடு வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கம். மலை உச்சியிலிருந்து பனி சரிகிறது, எல்லாரும் புதைந்து சாகிறார்கள். கீழே ‘முற்றும்’ என்று போட்டு, அதற்கு அடியில் கோடு இழுத்து, கோட்டின் இரண்டு முனையிலும் பூ வரைந்திருந்தார்.

“எல்லாரையும் மூடிட்டன் ஜோதி. சுலோசனா, கேப்டன், கழுத, ஒருத்தரும் பாக்கி இல்ல. இனி செவ்வாக்கெழம தபாலும் இல்ல, புதங்கெழம தந்தியும் இல்ல” என்றார்.

அந்தச் சமயம் சுலோசனா ஏழு மாதக் கர்ப்பம். பதினாறு வாரமாக அவளை நான் நடத்திக் கூட்டிவந்திருந்தேன். அவள் பிள்ளை பெற்று, ஸ்ரீநகரில் பெண்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்து, கேப்டன் திரும்பி வரும்போது அவரை வாசலில் நிற்கவைத்து இரண்டு கேள்வி கேட்கவேண்டும். இன்னும் இருபத்தேழு அத்தியாயம் என் மனசில் வரிசையாக இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை ஐயா. அதை இதோடு முடிச்சுப்போட வேண்டாம். தகவலுக்காகச் சொல்கிறேன்.

சாதாரணமாக நான் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். “சுலோசனாவ மட்டும் விட்டுடுங்க. நீங்க எழுதவே வேணாம், மிச்சத்த நான் பாத்துக்கறன்.”

“அவ என்னா உன் கூடப்பொறந்தவளா?” என்று சிரித்தார். “என் கதை, நான் மூடறன். நாளைக்கி நாலு மணித் தபால்ல போட்டுட்டு வர்றன்.”

குளிர் அறைக் கதவைத் திறந்தபோது சிரித்தாரே, அதே சிரிப்பு. நான் தோசைக்கு மாவு ஆட்டப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அவருடைய கம்பளிக் கோட்டை ஊறவைத்துத் துவைத்து, பின்பக்கக் கொடியில் போட்டேன். அழுக்காகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கேரியர் எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவருக்குப் பிடித்தது. சாப்பிட்டுவிட்டுக் கோட்டைத் தேடினார். துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றேன். பரவாயில்லை, பத்து நிமிஷம்தானே, இன்றோடு பனிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையோடு போனார். வில்லையை ஆணியில் மாட்டினார். அட்டையையும் பென்சிலையும் பழக்கதோஷத்தில் எடுத்துக்கொண்டார்.

நான் குழாயடியில் கேரியரைக் கழுவினேன். வரும் வழியில் பலகையைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் ஒன்றுதான் மாட்டியிருந்தது. எடுத்துக் கேரியரின் அடித்தட்டில் போட்டு மூடினேன். நான் செய்தது இவ்வளவுதான் ஐயா. கதவை நான் தொடவில்லை. விளக்கை நான் அணைக்கவில்லை.

திம்மப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி ரங்கம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். அப்புறம், “போர்டு பாத்துட்டீங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“பாத்தன்ம்மா. எல்லா ஆணியும் காலி” என்றார். கதவை மூடித் தாழ்ப்பாளை இறக்கினார். நான் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் தோன்றியது. ஆனால் ஒரு வேலையை அரைகுறையாக விடுவது என் சுபாவம் இல்லை.

என் வீட்டுக்காரருடைய மேஜை இழுப்பறையிலிருந்து முப்பதாம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெந்நீர் அடுப்பில் போட்டேன். இரண்டு பக்கம்தானே, தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு நாகம்மாவிடம், இவர் பெங்களூருக்குப் பழைய புஸ்தகக் கடைக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார் என்று சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. நான் நினைத்திருந்தால் காலையிலேயே போய் வாட்ச்மேனிடம் சொல்லித் திறக்கவைத்திருக்கலாம். மறைத்துப் பேச நான் விரும்பவில்லை, அது எனக்கு நினைவில் இருந்தது. பத்து மணிக்கு ஒரு தடவை நினைத்தேன். மத்தியானம் ஒரு தடவை எழுந்து புடவைகூட மாற்றினேன். அதற்குள் சுலோசனா ஒரு பனிப்பிளவின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோக மனசு வரவில்லை. அன்றைக்கு மட்டும் முப்பது, முப்பத்தொன்று என இரண்டு அத்தியாயம் எழுதினேன். அவ்வளவு அமைதியான ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணமானதிலிருந்து கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை நடந்தது உங்கள் பைலில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் காலடியில் கிடந்தார். ஆள் வந்து சொல்லி, நானும் ஓடினேன். கூட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. ஏழாம் நம்பர் வில்லையை மறுபடி ஆணியில் மாட்டினேன். பிறகுதான் அவரிடம் போனேன். அழுதேன். அது நடிப்பில்லை. எட்டு வருஷம் கூட வாழ்ந்தவர், விரலெல்லாம் மடங்கிக் கிடந்தார்.

வில்லை ஆணியில் இருக்கும்போதே கதவை மூடிவிட்டார் என்று திம்மப்பனுக்கு ஓராண்டு போட்டார்கள். இந்த அம்மாவே கேட்டாங்க, காலின்னு சொன்னேன் என்று அவர் கோர்ட்டில் சொன்னார். நான் அதற்கு முன்பே கேரியரோடு புறப்பட்டுவிட்டதாகச் சொன்னேன். போன மாதம் ரங்கம்மா சேலம் ஜெயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள்.

“எம் புருசன் பாக்காம மூடற ஆளு இல்லக்கா. தேவராணெ, சாமி சத்தியமா பாத்தன்னுதான் சொல்லிட்டிருந்தார். இப்ப என்னடான்னா, நான் சரியா பாக்கலியோ என்னமோன்னு அவரே அழறார்” என்றாள். அவளுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினேன். அதைவிட நான் என்ன செய்ய முடியும், அப்போது நாற்பத்தெட்டாம் அத்தியாயம் பாதியில் நின்றது.

ஆசிரியருக்கு நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன், கதை முழுவதையும் அவர் எழுதி முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், வாரா வாரம் சுத்தப்பிரதி எடுத்து அனுப்புகிறேன் என்று. ஒரு அத்தியாயத்துக்கே தந்தி அடிக்கவேண்டியிருந்த மனிதர் எப்படி மொத்தமாக எழுதி வைத்தார் என்று ஆசிரியருக்குத் தோன்றவில்லை. கறுப்புக் கட்டம் போட்டு அறிவித்தார். செத்த பிறகு ஹிமகிரியின் எழுத்து மெருகேறிவிட்டது என்று நிறையப் பேர் எழுதினார்கள். ஓசூரில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். பனிக்காகவே வாழ்ந்து பனியிலேயே கலந்த மேதை என்றார்கள். நான் மேடையில் ஓரமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பிடித்துக்கொடுத்தவர்கள் ருஷ்யர்கள். அக்டோபரில் அவர்கள் ஒரு செயற்கைச் சந்திரனை வானத்தில் விட்டார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கும் ஆசையாக இருந்தது. நாற்பத்தொன்பதாம் அத்தியாயத்தில் சுலோசனா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனிமலைக்கு மேலே அது ஊர்ந்து போவதைக் காட்டுகிறாள். ஜூன் மாதமே செத்தவர் அக்டோபர் மாதத்துச் சந்திரனை எப்படி எழுதினார் என்று ஆசிரியர் கேட்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை. உங்கள் வீட்டம்மா கேட்டிருக்கிறார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். கடைசி இரண்டு அத்தியாயம் இன்னும் வரவில்லை, முடிவு என்ன என்று கேட்கச் சொன்னாராம். அதை மட்டும் சொல்லமாட்டேன்.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, அந்த அத்தியாயங்களை எழுதிக்கொடுத்தது யார் என்றுதான் கேட்டீர்கள். எந்த ஆம்பிளை என்று கேட்டீர்கள். தமிழ் வாத்தியார் பெருமாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து விசாரித்ததாகவும், அவர் தலையைக் குனிந்து, லேசாகச் சிரித்து, எழுத்தாளனுக்குப் பேர் முக்கியமில்லை என்று சொன்னதாகவும் சொன்னீர்கள். கொலைக் கேஸ் என்று தெரியாமல் சொல்லியிருக்கிறார், பாவம். அவரும் நானும் சேர்ந்து என் வீட்டுக்காரரைத் தீர்த்துவிட்டோம் என்பது உங்கள் கணக்கு.

பெருமாள் வாத்தியாரை நீங்கள் உள்ளே வைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. திம்மப்பனை வெளியே விடுவது உங்கள் இலாகா சம்பந்தப்பட்டது. நான் பேசாமல் இருந்திருந்தால் இரண்டும் அதன்பாட்டில் நடந்திருக்கும், நானும் ஐம்பத்தாறு அத்தியாயத்தையும் அச்சில் பார்த்துவிட்டு அடுத்த நாவலுக்குப் போயிருப்பேன். ஆனால் இரங்கல் கூட்டத்தில் ‘நித்திலப் பனித்துளி நெஞ்சில் நிழலாட’ என்று முக்கால் மணி நேரம் பேசிய மனிதர் அவர். அந்த ஆள் என் சுலோசனாவை எழுதினார் என்று சர்க்கார் காகிதத்தில் பதிவாகிறது என்றால், அதற்கு நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வில்லையை எடுத்தவள் நான், திருப்பி மாட்டியவள் நான், என் கணவர் வெங்கடசாமியைக் கொன்றவள் நான். பதினான்கு முதல் ஐம்பத்தாறு வரை எழுதியவளும் நான். இந்த இரண்டையும் பிரிக்காமல் ஒரே பத்தியில் போடவும்.

ஒன்று விட்டுப்போயிற்று. திங்கட்கிழமை அவர்மேல் விழுந்து அழுதபோது, அவருடைய கக்கத்தில் அந்த அட்டை இருந்தது. புடவைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். இருட்டில் எழுதியது, வரிமேல் வரி ஏறியிருந்தது. படிக்க மூன்று நாளாயிற்று. ஒன்றரைப் பக்கம் இருந்தது.

‘ஜோதி, விளக்கை அணைத்துவிட்டார்கள். பனி வெள்ளை என்று இத்தனை நாளும் எழுதினேன், தப்பு. அதற்கு நிறமே இல்லை. முதலில் காது போயிற்று, அப்புறம் பென்சில் பிடித்திருக்கிறேனா என்பது. நீ அன்றைக்கு உள்ளே இருந்து எவ்வளவு தட்டியிருப்பாய், சிரித்துவிட்டேன். யாராவது வில்லையைப் பார்ப்பார்கள், நீ பயப்படாதே. ஜோதி, இப்போது குளிரவில்லை. அடுப்புப் பக்கத்தில் நீ எழுதுகிறாய், நான் உட்கார்ந்து பார்க்கிறேன். சுலோசனாவை மூடியிருக்கக் கூடாது. அவளை வெளியே எடுத்துவிடு. எப்படி என்று உனக்குத்தான் தெரியும்.’

இப்படிப் போகிறது. அதை முப்பத்துமூன்றாம் அத்தியாயத்தில், காணாமல்போன கேப்டனின் கடிதமாக வைத்தேன். மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது அந்த இடத்துக்குத்தான். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று ஒருவர் எழுதினார். ‘ஜோதி’ என்று இருந்த இடங்களில் ‘சுலோசனா’ என்றும், ‘சுலோசனா’ என்று இருந்த இடத்தில் ‘நம் குழந்தை’ என்றும் மாற்றினேன். மற்றபடி ஒரு வார்த்தை மாற்றவேண்டியிருக்கவில்லை.

அதுவும் நான் எழுதியதுதான் ஐயா. சுத்தப்பிரதி என் கையெழுத்தில் இருக்கிறது.